இருட்டும் முன் ஐந்து வீடுகள்: மழலையோடு ஹாலோவீன்

நியூ ஜெர்ஸிக்குக் குடிவந்த முதல் அக்டோபரில், பதினான்கு மாதக் குழந்தையைப் பூசணிக்காய் உடைக்குள் திணித்து, இரவு ஏழரை மணிக்குத் தெருவுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். ஹாலோவீன் அன்று வேஷம் போட்ட பிள்ளைகளோடு ஊரே வீடுவீடாக மிட்டாய் வாங்கப் போகிறது, நாமும் போகவேண்டாமா என்ற ஆசை. மூன்றாவது வீட்டு வாசலில் ஆளுயர எலும்புக்கூடு ஒன்று நின்றது. பக்கத்தில் யாராவது வந்தால் சிரிக்கும்படி அதற்குள் ஏதோ கருவி வைத்திருந்தார்கள். அது சிரித்தது, மகள் அலறினாள். தை பிறக்கும்வரை அந்த வீட்டைக் கடக்கும்போதெல்லாம் என் கழுத்தை இறுக்கிக்கொண்டாள்.

அது 2022. அதன்பிறகு வந்த ஆண்டுகளில் பட்டுத் தெரிந்துகொண்டதை, அமெரிக்காவுக்குப் புதிதாக வந்து ஒன்று முதல் மூன்று வயதுக்குள் குழந்தை வைத்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன். என் கட்சி இதுதான்: அந்த வயதுக் குழந்தைக்கு ஹாலோவீன், அக்டோபர் 31 இரவில் இல்லை. செப்டம்பர் கடைசியில் தொடங்கி, வெளிச்சம் இருக்கும் பொழுதுகளில் மெல்ல நடக்கும் ஒரு மாதத்தில் இருக்கிறது. 31 அன்று ஐந்து வீடு போதும், அதுவும் இருட்டும் முன். நான் சொல்லும் தேதிகளும் குளிரும் மத்திய நியூ ஜெர்ஸிக்கு உரியவை. மினசோட்டாவில் எல்லாமே இரண்டு வாரம் முந்திவிடும். டெக்ஸஸில் குளிர் பற்றிய பத்திகளைத் தாராளமாகத் தாண்டிப் போகலாம்.

முதலில் ஊருக்குப் பதில் சொல்லுங்கள்

படம் அனுப்பியதும் கும்பகோணத்திலிருந்து தொலைபேசி வரும். "பச்சைக் குழந்தைக்குப் போய்ப் பேய் வேஷம் போடுகிறீர்களாமே?" என்று என் மாமியார் கேட்டார். கேள்வியில் நியாயம் இருக்கிறது. அயர்லாந்து, ஸ்காட்லாந்துப் பக்கத்தில் வாழ்ந்த கெல்டிக் மக்கள் அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்கும் வேளையில் கொண்டாடிய சாவின் என்ற பண்டிகைதான் இதன் வேர். அன்று இறந்தவர்களின் உலகத்துக்கும் நம் உலகத்துக்கும் இடையே கதவு திறக்கும் என்று நம்பினார்கள். பின்னாளில் நவம்பர் 1 கிறிஸ்தவர்களுக்குச் சகல புனிதர்களின் திருநாள் ஆயிற்று. அதற்கு முந்திய மாலை ஹாலோவீன். 19-ஆம் நூற்றாண்டில் பஞ்சம் பிழைக்க வந்த ஐரிஷ் மக்கள் இதை அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தார்கள். ஊரில் டர்னிப் கிழங்கைக் குடைந்து முகம் வெட்டி விளக்கு வைத்தவர்களுக்கு, இங்கே குடைவதற்குத் தோதான பூசணி கிடைத்துவிட்டது.

இதையெல்லாம் சொல்லி, "நம் ஊரில் புதுவீடு கட்டும்போது பூசணிக்காயில் முட்டைக்கண்ணும் மீசையும் வரைந்து திருஷ்டிக்குத் தொங்கவிடுவோமே அத்தை, அதுபோலத்தான்" என்றேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அப்படியானால் அமாவாசைக்கு நடுத்தெருவில் போட்டு உடைப்பார்களா?" என்று கேட்டார். அதோடு எதிர்ப்பு அடங்கியது.

வீடு வீடாகப் போவதற்கும் நம்மிடம் ஓர் ஒப்புமை உண்டு: கொலு. பட்டுப்பாவாடையோடு நான்கு வீடு ஏறி, தெரிந்த பாட்டை அரைகுறையாகப் பாடி, சுண்டல் பொட்டலத்தோடு திரும்பிய நினைவு உங்களுக்கு இருந்தால், ஹாலோவீனின் பாதி உங்களுக்குப் புரிந்துவிட்டது. புதிதாக வந்தவர்களுக்கு ஒரு லாபமும் இருக்கிறது. ஆண்டில் மற்ற 364 நாளும் மூடியிருக்கும் அண்டை வீட்டுக் கதவுகள் அன்று ஒருநாள் தாமாகத் திறக்கின்றன. எங்கள் தெருவில் யார் யார் இருக்கிறார்கள் என்பதே எனக்கு அந்த மாலையில்தான் தெரிந்தது.

செப்டம்பர் கடைசி: ஆப்பிள் பறிப்பு

பூசணிக்கு முன் ஆப்பிள். இங்கே தோட்டங்களில் காசு கட்டி நாமே பறித்துக்கொள்ளலாம். எங்கள் பக்கத்தில் பிரின்ஸ்டனை அடுத்த டெர்ஹூன் ஆர்ச்சர்ட்ஸ் போன்ற பண்ணைகள் இதற்குப் பெயர்போனவை. இப்போது நடப்படும் ஆப்பிள் மரங்கள் பெரும்பாலும் குட்டையானவை என்பதால், இரண்டு வயதுக் குழந்தைக்கும் கிளை எட்டும். காயைப் பிடித்து இழுத்தால் கிளையோடு வரும். உள்ளங்கையில் ஏந்தி, மேல்நோக்கித் தூக்கி, லேசாகத் திருகினால் கழன்றுவிடும். இதைக் குழந்தைக்கு ஒருமுறை கையைப் பிடித்துக் காட்டினால், பத்து நிமிடம் அது உங்களைத் தொந்தரவு செய்யாது.

பை வாங்கும்போது 'பெக்' என்ற அளவு காதில் விழும். ஒரு பெக் என்பது சுமார் 10 பவுண்டு, நாலரைக் கிலோ. மூன்று பேர் உள்ள வீட்டுக்கு அரை பெக்கே மிச்சப்படும். நாங்கள் முதல் ஆண்டு இரண்டு பெக் வாங்கி, நவம்பர் வரை ஆப்பிள் தொக்கு தின்றோம். இரண்டு எச்சரிக்கைகள். வேகவைக்காத ஆப்பிள் துண்டு சின்னக் குழந்தையின் தொண்டையில் சிக்கும். துருவிக் கொடுங்கள், அல்லது இட்லிப் பானையில் ஆவி காட்டிக் கொடுங்கள். பண்ணையில் விற்கும் ஆப்பிள் சைடர் பாஸ்சுரைஸ் செய்ததா என்று சீட்டைப் பாருங்கள். செய்யாத சாற்றில் ஈ. கோலை போன்ற கிருமிகள் இருக்கக்கூடும், குழந்தைக்கு வேண்டாம்.

அக்டோபர் முதல் வாரம்: உடை

உடையைத் தேர்ந்தெடுக்கும்போது நாம் படத்தை நினைக்கிறோம். குழந்தை கழுத்துப் பட்டையை நினைக்கிறது. கடையில் தொங்கும் சிங்க உடை அழகுதான். அதன் பிடரி காதை மூடும், வியர்க்கும், மூன்று நிமிடத்தில் தரையில் கிடக்கும். ஆகவே தலையில் எதுவும் இல்லாவிட்டாலும் என்ன வேஷம் என்று தெரியக்கூடிய உடையாகப் பாருங்கள். என் மகள் மூன்று வயதில் தேனீ ஆனாள்: மஞ்சள் சட்டையில் கறுப்புத் துணிப்பட்டை தைத்து, முதுகில் இரண்டு சிறகு. உணர்கொம்பு வைத்த தலைப்பட்டை வீட்டைவிட்டு வெளியே வரவே இல்லை. யாரும் அதைக் கேட்கவும் இல்லை.

அளவு முக்கியம். மாலையில் குளிர் 10 டிகிரி செல்சியஸை ஒட்டி இறங்கும். உள்ளே ஒரு ஸ்வெட்டரும் தடித்த காற்சட்டையும் போட இடம் வேண்டுமென்பதால், 2டி அளவு அணியும் குழந்தைக்கு 3டி வாங்குங்கள். ஆனால் கால்பகுதி கணுக்காலுக்குக் கீழே வரக்கூடாது. மடித்துத் தைத்துவிடுங்கள், இல்லையென்றால் முதல் படியிலேயே தடுக்கும். முகமூடி வேண்டாம், கண் மறைக்கும். முகச்சாயம் பூசுவதானால் இரண்டு நாள் முன்பு முழங்கையின் உட்புறத்தில் ஒரு பொட்டு வைத்துப் பாருங்கள். கடையில் வாங்கும் உடையில், எளிதில் தீப்பற்றாது என்று சொல்லும் 'ஃபிளேம் ரெசிஸ்டன்ட்' சீட்டு இருக்கிறதா என்று தேடுங்கள். பஞ்சு அடைத்த உடையோடு குழந்தையைக் கார் இருக்கையில் உட்காரவைத்து வார்ப்பட்டை போடக்கூடாது. விபத்தில் பஞ்சு அமுங்கிப் பட்டை தளர்ந்துவிடும். போய்ச் சேர்ந்தபின் மாட்டிவிடுங்கள்.

புது உடைக்குக் காசைக் கொட்ட வேண்டியதில்லை. பழைய துணி விற்கும் குட்வில் போன்ற கடைகளில் செப்டம்பரிலேயே ஹாலோவீன் வரிசை வந்துவிடும். ஒருமுறை போட்ட உடைகள் என்பதால் பெரும்பாலும் புதிதுபோலவே இருக்கும். ஹாலோவீனுக்கென்றே முளைக்கும் பெரிய கடைகளுக்கு மட்டும் குழந்தையை அழைத்துப் போகாதீர்கள். ஓலமிடும் பொம்மைகள் அங்கேதான் வரிசையாக நிற்கும்.

டேகேருக்குப் போகும் குழந்தை என்றால், அக்டோபர் தொடக்கத்தில் ஒரு கடிதம் வரும். சில இடங்களில் வேஷ ஊர்வலம் நடக்கும். சில இடங்களில் ஹாலோவீன் என்ற பேச்சே கிடையாது, அன்று பைஜாமா நாள். பயமுறுத்தும் உடையும் கத்தி, துப்பாக்கியும் கூடாது என்பார்கள். தின்பண்டம் அனுப்பச் சொன்னால், பெரும்பாலும் கடையில் பொட்டலமிட்டு, உட்பொருள் அச்சிட்டதைத்தான் ஏற்பார்கள். விடிகாலையில் எழுந்து நான் செய்த கொண்டைக்கடலைச் சுண்டல் அப்படியே வீடு திரும்பியது. அன்றிரவு எங்களுக்கு அதுதான் உணவு.

அக்டோபர் நடுவில்: பூசணித் தோட்டம்

எல்லாவற்றிலும் குழந்தைக்கு மிகப் பிடித்தது இதுவாகத்தான் இருக்கும். ஒரு வயல் நிறைய, கைக்கு எட்டும் உயரத்தில், செக்கச்செவேலென்று உருண்டையான பொருள்கள். ஒன்றரை வயதுக்கு இதைவிடப் பெரிய பாக்கியம் வேறில்லை.

வார இறுதியில் போகாதீர்கள். நுழைவுக் கட்டணமும் கூடுதல், வண்டி நிறுத்த வரிசையே அரைமணி. விடுப்பு கிடைக்குமானால் வார நாளில் காலை பத்து மணிக்குப் போய், பன்னிரண்டு மணிக்குத் திரும்பிவிடுங்கள். மதியத் தூக்கம் தப்பினால் மாலை உங்களுடையதல்ல. முந்தின நாள் மழை பெய்திருந்தால் வயல் சேறாக இருக்கும். ஸ்ட்ரோலர் சக்கரம் அதில் நகராது. தோளில் கட்டிக்கொள்ளும் கேரியரை எடுத்துக்கொண்டு, குழந்தைக்கு ரப்பர் பூட்ஸ் போட்டுவிடுங்கள். இன்னொரு ஜதைக் கால்சராய், காலுறை, ஒரு பிளாஸ்டிக் பை. பை எதற்கு என்று போய்வந்தால் தெரியும்.

டிராக்டர் இழுக்கும் வைக்கோல் வண்டிச் சவாரி கட்டாயம் உண்டு. மடியில் வைத்துக்கொண்டால் போதும். சோளக்காட்டுக்குள் வெட்டிய புதிர்வழியை இந்த வயதுக்கு விட்டுவிடுங்கள். நாங்கள் உள்ளே போய் வெளியே வர நாற்பது நிமிடம் ஆயிற்று. அதில் முப்பது நிமிடம் அவளை என் கணவர் தோளில் சுமந்தார். காய்ந்த சோளமணிகளை மணல்போலக் கொட்டிவைத்த தொட்டி ஒன்றும் பல பண்ணைகளில் இருக்கும். குழந்தைகளுக்குக் கொள்ளை ஆசை. ஆனால் மணி வாய்க்கும் போகும், மூக்குக்கும் போகும். கண்ணை எடுக்காமல் பக்கத்திலேயே உட்காருவதானால் விடுங்கள். ஆடு, முயல் தொட்டு விளையாடியபின் சோப்பும் தண்ணீரும் கொண்டு கை கழுவவேண்டும். விலங்குகளிடமிருந்து வரும் எல்லாக் கிருமிக்கும் சானிடைசர் போதாது.

பூசணியைத் தேர்ந்தெடுக்கும் உரிமையைக் குழந்தைக்குக் கொடுங்கள், ஒரே ஒரு விதியோடு: தானே தூக்கிக்கொண்டு நடக்கக்கூடிய அளவாக இருக்கவேண்டும். இரண்டு பவுண்டுக் காய் ஒன்றை நெஞ்சோடு அணைத்து வரும் நடையைப் பார்க்கவே போகலாம். அதைப் படுக்கைக்கும் கொண்டுபோவார்கள், தடுக்காதீர்கள். நீங்கள் வாங்கும் பெரிய காய் அடி தட்டையாக, தோல் கெட்டியாக, காம்பு பச்சையாக இருக்கட்டும். காம்பைப் பிடித்துத் தூக்கினால் ஒடிந்துவிடும்.

சமையலுக்கும் சேர்த்து வாங்கிவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு சொல். முகம் வெட்ட விற்கும் பெரிய பூசணி நாரும் நீருமாக இருக்கும். கூட்டு வைத்தால் சப்பென்றுதான் வரும். 'பை பம்ப்கின்' என்று விற்கும் சின்னக் காய் பரவாயில்லை. நம் ஊர்ப் பரங்கிக்காய்க்கு மிக நெருக்கமானது பட்டர்நட் ஸ்குவாஷ், இரண்டும் ஒரே இனம். புளிக்குழம்புக்கும் அல்வாவுக்கும் அதை வாங்குங்கள். டப்பாவில் வரும் பூசணி விழுதும் பெரும்பாலும் அந்த இனத்துக் காயில் செய்ததுதான். இல்லினாய் மாநிலத்தில் மார்ட்டன் என்ற ஊரைச் சுற்றித்தான் அதை மிகுதியாக விளைவிக்கிறார்கள்.

இலைகள்

மத்திய நியூ ஜெர்ஸியில் நிறம் உச்சத்துக்கு வருவது அக்டோபர் பிற்பாதியில். பகல் குறையும்போது இலையில் பச்சையம் சிதைய, அதுவரை மறைந்திருந்த மஞ்சள் வெளியே தெரிகிறது. மேப்பிளின் சிவப்பு அப்போது புதிதாக உண்டாவது. இரண்டு வயதுக்கு இந்த விளக்கம் வேண்டாம். ஒரு பையைக் கொடுத்து "சிவப்பு இலை கொண்டுவா" என்றால் போதும். மகள் முதல் நாள் பதினேழு பழுப்பு இலையும் ஒரு சிகரெட் துண்டும் கொண்டுவந்தாள். பிசுபிசுப்பான தாளைச் சன்னலில் ஒட்டி, பசைப் பக்கம் நம்மை நோக்கி இருக்கும்படி வைத்தால், இலைகளைத் தானே ஒட்டிக்கொண்டு அரைமணி இருக்கும். ஓக் மரத்தடியில் கிடக்கும் கொட்டைகள் மட்டும் பைக்குள் வராமல் பாருங்கள். தொண்டை அளவுக்கு அளந்து செய்தது போல இருக்கும்.

சருகுக் குவியலில் குதிப்பது இங்கே குழந்தைப் பருவத்தின் ஓர் அங்கம். வடகிழக்கு மாநிலங்களில் லைம் நோய் பரப்பும் உண்ணிகள் அக்டோபர், நவம்பரிலும் சுறுசுறுப்பாக இருக்கும் என்பதையும் சேர்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். வீடு திரும்பியதும் குளிப்பாட்டி, காதுக்குப் பின்னால், அக்குள், தொடை இடுக்கு, தலைமுடிக்குள் தடவிப் பாருங்கள்.

ஒத்திகை

யாரும் சொல்லித்தராத படி இது, ஆனால் எங்களுக்கு அதிகம் உதவியது. கடைசிப் பத்து நாளில், தினமும் ஐந்து நிமிடம் வீட்டுக்குள்ளேயே விளையாட்டு. அப்பா படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் நிற்பார். குழந்தை தட்டும். கதவு திறக்கும். மிட்டாய் கேட்க வாசலில் சொல்லும் "ட்ரிக் ஆர் ட்ரீட்" இந்த வயதில் வாயில் வராது. "ட்ரீட்" வந்தால் போதும், வாளியை நீட்டினாலும் போதும். ஒரு திராட்சைத் துண்டு வாளியில் விழும். "தேங்க் யூ", கையசைப்பு, முடிந்தது. மூன்றாம் நாள் அப்பா தொப்பி வைத்துக்கொண்டு திறப்பார். ஐந்தாம் நாள் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு திறந்து, எடுத்துவிட்டுச் சிரிப்பார். 'உள்ளே இருப்பது மனிதர்தான்' என்பது குழந்தைக்குப் பழகவேண்டும்.

அக்கம்பக்கத்து அலங்காரங்களைப் பகலில் போய்ப் பாருங்கள். எலும்புக்கூட்டை நண்பகல் வெயிலில் பார்த்தால் அது வெறும் பிளாஸ்டிக். நாங்கள் எல்லாவற்றுக்கும் பெயர் வைத்தோம். என் மகளை அலறவைத்த அந்த எலும்புக்கூட்டுக்கு இப்போது 'ஒல்லி மாமா' என்று பெயர். எந்த வீட்டில் சத்தம்போடும் பொம்மை இருக்கிறது என்பதும் உங்களுக்குத் தெரிந்துவிடும்; 31 அன்று அந்த வாசலைத் தவிர்க்கலாம். ஊர்ப் பொது நூலகத்தில் மழலைகளுக்கான கதைநேரம் நடக்கும் வாரத்தில் வேஷத்தோடு வரச்சொல்வார்கள். காசில்லாத நல்ல ஒத்திகை அது.

29, 30: பூசணிக்கு முகம்

வெட்டிய பூசணி நாலைந்து நாளில் பூஞ்சணம் பிடித்து முகம் சுருங்கிவிடும். ஆகவே அக்டோபர் 29க்கு முன் கத்தியை எடுக்காதீர்கள். கத்தி வேலை பெரியவர்களுடையது. குழந்தைக்கு அதன் சின்னக் காயில் ஒட்டுப்படங்களும் தண்ணீரில் கரையும் வண்ணமும் கொடுத்துவிட்டால் அந்தப் பக்கம் வராது. உள்ளே இருக்கும் விதைக் குழம்பைக் கையால் பிசைய அழைத்துப் பாருங்கள். பாதிக் குழந்தைகள் குதூகலிக்கும், மறுபாதி "ச்சீ" என்று ஓடும். விதையை வறுத்து நீங்கள் தின்னுங்கள்.

உள்ளே மெழுகுவத்தி வேண்டாம், மின்விளக்கு வையுங்கள் என்று எல்லாரும் சொல்வார்கள். சரிதான். ஆனால் அந்தக் குட்டி விளக்குகளுக்குள் பொத்தான் அளவு பேட்டரி இருக்கிறது. குழந்தை விழுங்கினால் உணவுக்குழாயை இரண்டு மணி நேரத்துக்குள் புண்ணாக்கிவிடக்கூடியது அது. திருகாணி போட்டு மூடிய விளக்கை மட்டும் வாங்குங்கள். விழுங்கிவிட்டதோ என்று சந்தேகம் வந்தாலே நேரே அவசர சிகிச்சைக்குப் போய்விடுங்கள். ஒளிரும் குச்சியைக் கடித்து உடைத்துவிட்டால் அத்தனை அவசரமில்லை. 1-800-222-1222 என்ற நச்சு உதவி எண்ணை அழைத்தால் என்ன செய்வதென்று சொல்வார்கள். நாள் முழுவதும் இயங்கும் இலவச எண். பண்டிகை இருக்கிறதோ இல்லையோ, குளிர்சாதனப் பெட்டியில் எழுதி ஒட்டிவையுங்கள்.

30-ஆம் தேதி இரவுக்கு நியூ ஜெர்ஸியில் 'மிஸ்சிஃப் நைட்' என்று தனிப்பெயரே உண்டு. விடலைப் பையன்கள் மரங்களில் கழிப்பறைத் தாளைச் சுற்றுவார்கள், முட்டை எறிவார்கள், வாசல் பூசணியை நடுத்தெருவில் உடைப்பார்கள். என் மாமியார் கேட்ட கேள்விக்கு இது ஒருவகையில் பதில். அன்றிரவு பூசணியை உள்ளே எடுத்துவையுங்கள்.

அக்டோபர் 31

2024இல் தீபாவளியும் இதே நாளில் வந்தது. விடியுமுன் எண்ணெய் தேய்த்துக் குளியல், புதுப் பாவாடை, ஒரு மத்தாப்பு; மாலையில் தேனீ. பாவாடைமீதே சிறகு கட்டவேண்டும் என்று அடம்பிடித்து, பாதிவழி அப்படியேதான் நடந்தாள்.

பொதுவான ஒழுங்கு இது. மதியத் தூக்கத்தைக் காப்பாற்றுங்கள். நான்கரைக்கு வயிறு நிறையச் சோறு ஊட்டிவிடுங்கள். நிறைந்த வயிறு மிட்டாய்க்கு அழுவது குறைவு. ஐந்து மணிக்கு உடை, கழிப்பறை, படம். ஐந்தேகாலுக்குக் கிளம்புங்கள். இங்கே அன்று சூரியன் மறைவது ஆறு மணிக்குச் சற்று முன். பெரிய பிள்ளைகளின் கூட்டம் அதற்குப் பிறகுதான் இறங்கும்.

வாசல் விளக்கு எரியும் வீட்டுக்கு மட்டும் போகவேண்டும். விளக்கு அணைந்திருந்தால் அவர்கள் கலந்துகொள்ளவில்லை என்று பொருள். வாசலில் கிண்ணம் வைத்து 'ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்' என்று எழுதியிருந்தால் ஒன்றுதான். முன்பே பேசிப் பழகிய வீடு இரண்டு இருந்தால், அங்கிருந்து தொடங்குங்கள். குழந்தை கதவருகே உறைந்துபோய் நின்றால் நீங்களே நன்றி சொல்லிவிட்டுத் திரும்புங்கள். யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஐந்து வீடு. ஆறாவதுக்கு அழுதாலும் வீடுதான்.

ஊர்ச் செய்தித்தாள் முதல் வாட்ஸாப் வரை, அக்டோபரில் மிட்டாயில் விஷம், ஊசி என்று ஒரு செய்தி தவறாமல் சுற்றும். டெலவேர் பல்கலைக்கழகச் சமூகவியலாளர் ஜோயல் பெஸ்ட் பல பத்தாண்டுகளாக இந்தச் செய்திகளைத் துருவியவர். முன்பின் தெரியாதவர் வீடுவீடாக வரும் பிள்ளைகளுக்குக் கொடுத்த மிட்டாயால் ஒரு குழந்தை இறந்ததாக நிரூபணமான நிகழ்வு ஒன்றைக்கூட அவர் காணவில்லை. உண்மையான ஆபத்து சாலையில் இருக்கிறது. 1975 முதல் 2016 வரையிலான விபத்துக் கணக்கைப் பார்த்த ஆய்வொன்று, ஹாலோவீன் மாலையில் பாதசாரிகள் வண்டி மோதி இறப்பது, அதற்கு ஒரு வாரம் முன்னும் பின்னும் வரும் மாலைகளைவிட 43 சதவீதம் அதிகம் என்று காட்டியது. கறுப்பு உடை என்றால் முதுகில் ஒளி திருப்பும் பட்டை ஒட்டுங்கள். நடைபாதையில் நடங்கள், நிறுத்திய கார்களுக்கு இடையிலிருந்து சாலையைக் கடக்காதீர்கள். இரண்டு பேர் போனால் ஒருவர் கை குழந்தையின் கையில், இன்னொருவர் கை கேமராவில். ஒருவர்தான் என்றால் கேமரா வேண்டாம்.

அடுக்குமாடியில் இருப்பவர்களுக்குத் தெரு தேவையில்லை. கதவு தட்டலாமா என்று குடியிருப்பு அலுவலகத்தில் முன்கூட்டியே கேளுங்கள். பல இடங்களில் விருப்பமுள்ளவர்கள் கதவில் ஒரு தாள் ஒட்டிக்கொள்வார்கள். இல்லையென்றால் 'டிரங்க் ஆர் ட்ரீட்' தேடுங்கள். தேவாலயம், பள்ளி, பூங்காவின் வண்டி நிறுத்துமிடத்தில் கார்களின் பின்பெட்டியைத் திறந்து அலங்கரித்து, அங்கிருந்தே மிட்டாய் கொடுப்பார்கள். பெரும்பாலும் முந்தின சனிக்கிழமை பகலில் நடக்கும். போக்குவரத்து கிடையாது, இந்த வயதுக்கு இதுவே உத்தமம்.

வீடு திரும்பியபின், வருபவர்களுக்குக் கொடுப்பது நம் முறை. வாங்குவதைவிடக் கொடுப்பதில் என் மகளுக்கு ஆனந்தம் அதிகம். கிண்ணத்தோடு கதவருகே உட்கார்ந்து, வரும் ஒவ்வொருவருக்கும் ஒன்று, பிறகு இன்னொன்று, பிறகு கிண்ணத்தையே நீட்டிவிட்டாள். ஏழு மணிக்கு வாசல் விளக்கை அணைத்தால் மணி அடிப்பது நிற்கும்.

புயல், பனி வந்தால் பண்டிகை தள்ளிப்போகும். 2012இல் சாண்டி புயல் அக்டோபர் 29 அன்று இங்கே கரையைக் கடந்தபோது, ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி ஹாலோவீனையே நவம்பர் 5க்கு மாற்றி உத்தரவிட்டார். ஆகவே ஊராட்சியின் அறிவிப்பை அன்று காலை ஒருமுறை பாருங்கள்.

வாளியில் விழுந்தது

குழந்தை தூங்கியபின் வாளியைத் தரையில் கொட்டிப் பிரியுங்கள். நான்கு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கெட்டி மிட்டாய், முழுக் கடலை, பாப்கார்ன், சூயிங்கம், மார்ஷ்மெல்லோ ஆகியவை மூச்சடைக்கும் பண்டங்கள் என்று இங்குள்ள குழந்தை மருத்துவர்கள் திரும்பத்திரும்பச் சொல்கிறார்கள். இரண்டு வயது வரை சர்க்கரை சேர்த்த எதையும் கொடுக்கவேண்டாம் என்பதும் அவர்கள் அறிவுரை. அந்தக் கழித்தல் முடிந்தால் வாளியில் மெல்லிய சாக்லேட் நாலைந்து மிஞ்சும். ஒன்றரை வயதுக்காரிக்கு அதுவும் தேவையில்லை. அவளுக்கு உறையின் சரசரப்பே போதும்.

சைவக் குடும்பங்கள் கவனிக்கவேண்டியது ஜெலட்டின். பன்றி அல்லது மாட்டின் தோலிலும் எலும்பிலும் எடுப்பது. கரடி பொம்மை வடிவக் கம்மிகள், மார்ஷ்மெல்லோ, ஸ்டார்பர்ஸ்ட், பெரும்பாலான கேண்டி கார்ன் ஆகியவற்றில் இருக்கும். ஸ்கிட்டில்ஸில் இல்லை, ஆனால் அது கெட்டி. சின்னஞ்சிறு பொட்டலங்கள் பலவற்றில் உட்பொருள் பட்டியல் இருக்காது. சந்தேகமானால் அலுவலகத்துக்குக் கொண்டுபோய் வைத்துவிடுங்கள், பத்து நிமிடத்தில் காணாமல் போகும்.

வேர்க்கடலை ஒவ்வாமை இருக்கும் குழந்தைகளுக்காக ஒரு நல்ல வழக்கம் வந்திருக்கிறது. டென்னஸியில் 2012இல் தொடங்கி, 2014 முதல் நாடு முழுவதும் பரவியது. வாசலில் மயில்கழுத்து நிறத்தில் ஒரு பூசணி இருந்தால், அந்த வீட்டில் தின்பண்டம் அல்லாத பரிசும் கிடைக்கும் என்று பொருள். மழலை வைத்திருப்பவர்களுக்கும் அந்த வாசல்தான் வசதி. நீங்களும் ஒரு சின்னப் பூசணிக்கு அந்த வண்ணம் அடித்து, ஒட்டுப்படம், கிரேயான் பொட்டலம் வாங்கி வையுங்கள். பந்து, மோதிரம் போன்ற விழுங்கும் அளவுப் பொருள்கள் மட்டும் வேண்டாம்.

நவம்பர் 1

பூசணியை அணில்கள் தின்னத் தொடங்கியிருக்கும். மெழுகும் வண்ணமும் படாததானால் தோட்டத்தில் மக்கப் போடலாம். நவம்பர் முதல் ஞாயிறன்று கடிகாரம் ஒருமணி நேரம் பின்னால் போகும். குழந்தைக்கு அது தெரியாது, ஐந்து மணிக்கே எழுந்து உட்காரும். முந்திய நாலைந்து நாளும் தூங்கும் நேரத்தைப் பதினைந்து பதினைந்து நிமிடமாகத் தள்ளிக்கொண்டு வந்தால் சேதம் குறைவு.

கடைகளில் அன்று உடைகள் பாதி விலைக்கு வரும். அடுத்த ஆண்டுக்கு இப்போதே பெரிய அளவில் வாங்கி வைத்துவிடலாம் என்று தோன்றும். ஒன்றரை வயதுக் குழந்தைக்கு வாங்கலாம். இரண்டரையைத் தாண்டியவர்கள் என்ன ஆகவேண்டும் என்பதைத் தாங்களே முடிவுசெய்வார்கள். என் அலமாரியில் பாதி விலைக்கு வாங்கிய யானை உடை ஒன்று, விலைச்சீட்டுக்கூடக் கிழிக்காமல் தொங்குகிறது.